காற்றுப்பையில் கைவைக்கும் முன் பத்து நிமிடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் கோலசிலாங்கூர் வட்டாரத்தைச் சேர்ந்த வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்றுநர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, காரில் உள்ள காற்றுப்பை. பேச்சு வழக்கில் ஏர்பேக் என்கிறோம். உயிரைக் காப்பாற்றுவதற்காக வைத்த பொருளைப் பற்றி எச்சரிக்கை செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் சாலை விபத்தைப் பற்றிப் பேச வரவில்லை. பட்டறையில் சும்மா நிற்கிற காரில், ஸ்டீரிங்கைக் கழற்றும்போது, டேஷ்போர்டை இறக்கும்போது, சுத்தியலால் தட்டும்போது என்ன நடக்கும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஹயலியா என்ற ஊரில் ஒரு பெரியவர் 2001-ஆம் ஆண்டு ஹோண்டா அக்கோர்ட் காரின் உள்ளே ஏதோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஓடவில்லை, எதிலும் மோதவில்லை. சாவி மட்டும் ஆன் நிலையில் இருந்தது. அவர் கையில் சுத்தியல் இருந்தது. தட்டிய அதிர்ச்சியில் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை வெடித்தது. அதன் உள்ளே இருந்த இரும்புக் குப்பியும் சேர்ந்து சிதறியது. அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஹோண்டா நிறுவனமே இதை வெளியில் சொன்னது. அந்தக் கார் பல ஆண்டுகளாகவே திரும்ப அழைக்கப்பட்ட கார்களின் பட்டியலில் இருந்தது. குப்பியை மாற்றச் சொல்லி அறிவிப்பு வந்திருந்தும் மாற்றப்படாமல் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருந்தது.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கதையில் இருக்கும் எல்லாமே புக்கிட் ரோத்தானிலும், ஈஜோக்கிலும், பெஸ்தாரி ஜெயாவிலும், தஞ்சோங் காராங்கிலும் இருக்கின்றன. பழைய கார் இருக்கிறது. கைமாறிய கார் இருக்கிறது. சாவி ஆனில் இருக்கும்போதே தட்டுகிற பழக்கமும் இருக்கிறது.

உள்ளே இருப்பது காற்று அல்ல

காற்றுப்பை என்று பெயர் வைத்ததிலேயே ஒரு குழப்பம். பலூனைப் போல காற்றை அடைத்து மடித்து வைத்திருக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்டீரிங்கின் நடுவில் நைலான் துணிப்பை மடிக்கப்பட்டு இருக்கிறது. அதன் பின்னால் உள்ளங்கை அளவில் ஓர் உலோகக் குப்பி. இன்ஃப்ளேட்டர் என்பார்கள். அதற்குள் இருப்பது மருந்து. வாணவேடிக்கையில் இருக்கிறதே, அந்த மாதிரி எரிகிற மருந்து. கார் மோதியது என்று உணர்கருவி சொன்னதும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து சிறிய மின்சாரம் பாயும். மருந்து பற்றிக்கொண்டு ஒரே மூச்சில் வாயுவாக மாறும். பை விரியும். கண் இமைப்பதற்குள் என்பது இதற்குக் குறைவான பேச்சு. ஓட்டுநர் பக்கப் பை ஏறத்தாழ 30 மில்லி விநாடியில், அதாவது ஒரு விநாடியை நூறு பங்காக்கினால் அதில் மூன்று பங்கில் விரிந்து முடிந்துவிடும். விரிகிற வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும்.

சீட் பெல்ட் போட்டு, ஸ்டீரிங்கிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இது மெத்தை. ஸ்டீரிங்கின் மேல் குனிந்து, முகத்தைப் பத்து அங்குல தூரத்தில் வைத்துக்கொண்டு ஸ்குரூ கழற்றுகிறவருக்கு இது குத்து. பழுதில்லாத நல்ல காற்றுப்பையே கண்ணைக் கெடுக்கும், விரலை உடைக்கும், காதைச் செவிடாக்கும். குப்பியே கெட்டுப்போயிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் தக்காத்தா விவகாரம்.

தக்காத்தா என்பது ஜப்பானியக் காற்றுப்பை நிறுவனம். அதன் குப்பிகளில் அம்மோனியம் நைட்ரேட் என்ற மருந்தைப் பயன்படுத்தினார்கள். பெயரைக் கேட்டதும் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் பொறி தட்டும். உரத்தில் இருக்கும் பொருள் அது. உர ஸ்டோரில் மூட்டை பிரித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மூட்டை எப்படிக் கட்டிதட்டிப் போகும், பிறகு எப்படி உதிரும் என்று அவர்கள் சொல்வார்கள். குப்பிக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. ஈரப்பதம் உள்ளே கசிந்தது. பகலில் வெயிலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, மறுநாள் மீண்டும் சூடாகி, பல ஆண்டுகளில் மருந்து வில்லைகள் விரிசல் விட்டன. விரிசல் விட்ட வில்லை ஒரேயடியாக எரியும். அழுத்தம் தாங்காமல் உலோகக் குப்பி உடையும். பையை விரிக்க வேண்டிய கருவி, ஓட்டுநரின் கழுத்தை நோக்கி இரும்புத் துண்டுகளை எறியும்.

வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில்தான் இந்த ஆபத்து மிக அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. நம் நாட்டைவிட அதற்குப் பொருத்தமான நாடு வேறு எது? 2014-ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக் மாநிலத்தின் சிபுவில் 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி காரை ஓட்டிய ஒரு கர்ப்பிணித் தாய், குப்பி வெடித்துச் சிதறிய உலோகத் துண்டு பாய்ந்து இறந்தார். மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் அந்த மோதல் நடந்தது என்று அப்போதைய செய்திகள் கூறின. அமெரிக்காவுக்கு வெளியே தக்காத்தா குப்பியால் நேர்ந்ததாக அறியப்பட்ட முதல் சாவு அது. பிறகு 2016-இல் ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று மாதங்களில் நம் நாட்டில் மூன்று பேர் இறந்தார்கள்; மூன்றும் ஹோண்டா சிட்டி கார்கள். 2018-லும் இது தொடர்ந்தது.

தக்காத்தா நிறுவனம் 2017-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்து, அதே ஆண்டு ஜூன் மாதம் திவாலானது. அமெரிக்காவில் மட்டும் 6 கோடியே 70 லட்சம் குப்பிகளைத் திரும்ப அழைத்தார்கள். நிறுவனம் போய்விட்டது. குப்பிகள் போகவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

கடிதம் போன வீடு எங்கே?

ஒரு காரைத் திரும்ப அழைக்கும்போது, பதிவில் இருக்கும் உரிமையாளரின் முகவரிக்கு நிறுவனம் கடிதம் அனுப்புகிறது. கோலாலம்பூரில் சொந்த வீட்டில் இருபது வருடம் இருப்பவருக்கு அந்தக் கடிதம் போய்ச் சேரும். நம் வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்து வீடுகளைக் காலி செய்தவர்கள் மலிவு விலை அடுக்குமாடிக்கும், கிள்ளானுக்கும், ரவாங்குக்கும் போனார்கள். பழைய முகவரியில் இன்று செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. கடிதம் யார் கைக்குப் போயிருக்கும்?

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. சபையில் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சம்போங் பாயார். ஒருவர் பெயரில் வங்கிக் கடன். இன்னொருவர் மாதத் தவணை கட்டி ஓட்டுகிறார். அவரிடமிருந்து மூன்றாமவர் வாங்கி ஓட்டுகிறார். கெரானில் இருக்கும் பெயருக்கும் ஸ்டீரிங் பிடித்திருக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. பட்டணத்தில் பத்து ஆண்டுகள் ஓடிய சிட்டியோ, ஜாஸோ, சிவிக்கோ கடைசியில் எங்கே வந்து சேருகிறது? மகனுக்கு வேலைக்குப் போக முதல் காடி என்று பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு நம் ஆட்கள் வாங்குகிறார்கள். குறை சொல்லவில்லை. அந்த வருமானத்துக்கு அதுதான் வாங்க முடியும். ஆனால் கடிதம் அந்த மகனுக்கு வராது.

அப்படியானால் அந்தக் காருக்குச் செய்தி சொல்ல மிஞ்சியிருப்பவர் யார்? என்னைக் கேட்டால் போர்மேன்தான். எண்ணெய் மாற்ற, பிரேக் மாற்ற, ஏர்கோன் பார்க்க அந்தக் கார் அவரிடம் வந்தே தீரும். சேசிஸ் எண்ணை எழுதி, அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தால், இந்தக் கார் பட்டியலில் இருக்கிறதா, குப்பி மாற்றப்பட்டதா என்று தெரிந்துவிடும். மாற்றிக் கொடுப்பது இலவசம். ஒரு காசு கேட்க மாட்டார்கள். ஹோண்டா மட்டுமல்ல, டொயோட்டா, நிஸ்ஸான், பிஎம்டபிள்யூ கார்களிலும் இந்தக் குப்பிகள் இருந்தன. பட்டியலில் இருந்து இன்னும் மாற்றப்படாத காரின் ஸ்டீரிங்கில் எங்கள் பட்டறைகள் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஹோர்ன் வேலை செய்யவில்லையா, சரி, முதலில் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்குப் போய்க் குப்பியை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போவார்தான். போகட்டும்.

தட்டிப் பழகிய கை

நம் போர்மேன்களின் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில். அதன் பெயரே தென்னமரம் தோட்டம், நம் தமிழ்ப் பெயர். அந்த வட்டாரத்துத் தோட்ட ஒர்க்ஷாப்புகளில் டிராக்டரையும் லோரியையும் பிரித்துப் பூட்டியவர்கள், புத்தகம் இல்லாமல் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்பவர்கள். அவர்களிடம் வேலை பழகியவர்கள்தான் இன்று பெரிய சாலை ஓரங்களில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த டிராக்டரில் காற்றுப்பை இல்லை. பழைய சாகாவிலும் கஞ்சிலிலும் பெரும்பாலும் இல்லை. நமது கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஆசியான் என்சிஏபி 2011-இல்தான் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் சின்னக் காரிலும் இரண்டு, நான்கு, ஆறு என்று காற்றுப்பை வருவது சாதாரணமானது. முப்பது வருட அனுபவம் இருக்கலாம். அந்த முப்பது வருடத்தில் காற்றுப்பையோடு பழகிய அனுபவம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இனி தம்பிமார்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை பட்டறையில் வேலை செய்தால் இது உங்களுக்கும் வேண்டியதுதான்.

நம் பட்டறைகளில் காற்றுப்பையோடு உரசுகிற வேலை எது? ஏர்கோன் கூலிங் காயில் மாற்றுவது. நம் நாட்டு வெயிலுக்கு இந்த வேலை ஓயாமல் வரும். பல கார்களில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்கினால்தான் காயிலை எடுக்க முடியும். டேஷ்போர்டின் இடது பக்கத்தில் பயணியின் காற்றுப்பை. நடுவில் கியருக்கு அடியில், பல கார்களில், கட்டுப்பாட்டுப் பெட்டி. ஸ்டீரிங்கில் ஓட்டுநரின் பை. மூன்றையும் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் சக்கரங்களை நேராக வைத்து, சாவியை அணைத்து, வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, திரும்பத் தொடாதபடி டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். இத்தோடு மின்சாரம் போய்விட்டது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் காற்றுப்பை வேலை செய்ய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு மின்தேக்கியை வைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அது வடிய வேண்டும். சில நிறுவனங்கள் 90 விநாடி காத்திருக்கச் சொல்கின்றன, சில 3 நிமிடம், சில அதற்கும் மேல். அந்தந்தக் காரின் கையேடு சொல்வதே முடிவு. கையேடு கையில் இல்லாத நம் பட்டறைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது பத்து நிமிடம். ஒரு தேத்தாரே குடித்துவிட்டு வாருங்கள். கணக்குச் சரியாக இருக்கும்.

இந்தப் பத்து நிமிடத்தை ஏன் தவிர்க்கிறார்கள் தெரியுமா? சோம்பல் மட்டும் காரணம் இல்லை. பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ கோட் கேட்கும், கடிகாரம் அழியும், வாடிக்கையாளர் முணுமுணுப்பார். அதற்காக வேறொரு சின்ன பேட்டரியை லைட்டர் துளையில் செருகி மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொள்கிற தந்திரம் ஒன்று இருக்கிறது. ரேடியோ கோட் தப்பிக்கும். அதே மின்சாரம் காற்றுப்பைக்கும் போய்க்கொண்டிருக்கும். காற்றுப்பை வேலையில் இந்தத் தந்திரத்துக்கு இடமே இல்லை.

மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் நில்லுங்கள். காற்றுப்பை, சீட் பெல்ட் இழுப்பான் ஆகியவற்றின் வயரையும் இணைப்பையும் பெரும்பாலான நிறுவனங்கள் மஞ்சளில்தான் போடுகின்றன. அந்த வயரில் டெஸ்ட் லைட் வைக்காதீர்கள். வயரை வெட்டி ஒட்டாதீர்கள். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துக் காற்றுப்பையின் முனையில் தொடவே தொடாதீர்கள். மீட்டர் தன் பேட்டரியிலிருந்து அனுப்பும் சிறிய மின்சாரமே மருந்தைப் பற்றவைக்கக்கூடும். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று ஸ்கேனர் இருக்கிறது.

கழற்றிய பையை எப்படித் தூக்குவது? துணி விரிகிற முகம் உங்கள் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி தூக்குங்கள். மேசையில் வைக்கும்போது அந்த முகம் மேலே இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு ஸ்பானர்கூட இருக்கக் கூடாது. பல தம்பிகள் முகப்பு கீறிவிடும் என்று கவிழ்த்து வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அப்படி வைத்த பை வெடித்தால் பை கீழே முட்டி, கனமான குப்பி மேலே பறக்கும். நிமிர்த்தி வைத்திருந்தால் பை காற்றில் விரிந்து அடங்கும். எடுப்பதற்கு முன் காரின் இரும்பு உடம்பை வெறுங்கையால் ஒரு முறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

ஸ்டீரிங்குக்குப் பின்னால் சுருள் வயர் ஒன்று இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஸ்டீரிங்கை எடுத்த பிறகு விளையாட்டாக அதைச் சுற்றிவிட்டால், பூட்டிய பிறகு ஒரு பக்கம் திருப்பும்போது அறுந்துபோகும். அறுந்தால் ஹோர்ன் போகும், காற்றுப்பையும் போகும். டேப் ஒட்டி நடுநிலையிலேயே வையுங்கள். வேலை முடிந்து பேட்டரியை இணைக்கும்போது காருக்குள் யாரும் உட்காரக் கூடாது. சாவியைப் போடுகிறவரும் பையின் பாதையிலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டும். மீட்டரில் காற்றுப்பை விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் கோளாறு, அணையவே இல்லை என்றாலும் கோளாறு.

தட்டிச் சாயம் அடிக்கும் பட்டறைகளுக்கும் ஒரு வார்த்தை. வெல்டிங் போடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். வெல்டிங் போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பைகளையும் பெல்ட் இழுப்பான்களையும் இறக்கி வையுங்கள். ஏறக்குறைய 90 பாகை சூட்டுக்கு மேல் இவற்றை விடக் கூடாது என்று நிறுவனங்கள் சொல்கின்றன. சீட் உறை தைக்கும் கடைக்காரர்கள், சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று சிறிய துணிச் சீட்டு தைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறை போடுங்கள். இறுக்கமான உறைக்குள் பக்கவாட்டுப் பை சிக்கினால் அது விரியவே விரியாது.

வெள்ளத்தில் மூழ்கிய கார் தனிக் கதை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கின என்பதை நாம் பார்த்தோம். தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் ஆசை. சீட்டுக்கு அடியிலும் கியருக்கு அடியிலும் இருக்கும் இணைப்புகளில் சேறும் துருவும் இருக்கும்போது எந்த வயரில் எது பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, லோரியில் ஏற்றி அனுப்புங்கள்.

மலிவாகக் கிடைக்கும் பழைய பை

மோதிய காரில் பை விரிந்துவிட்டால் புதியதற்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். வாடிக்கையாளர் அவ்வளவு கொடுக்க மாட்டார். அப்போது கெடாய் போத்தோங் ஞாபகம் வரும். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த காரின் ஸ்டீரிங்கைப் பையோடு சில நூறு ரிங்கிட்டுக்கு வாங்கி மாட்டிவிடலாம். எஞ்சினும் கியரும் அங்கே வாங்குவதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, நானும் வாங்கியிருக்கிறேன். காற்றுப்பை மட்டும் வேண்டாம். அந்தக் குப்பி எந்த ஆண்டுடையது, எத்தனை வெயில் பார்த்தது, திரும்ப அழைக்கப்பட்டதா என்பதை வெளியில் பார்த்து யாரும் சொல்ல முடியாது. 2017-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஓர் இளம்பெண் படுகாயம் அடைந்தார். அவருடைய 2002-ஆம் ஆண்டு அக்கோர்ட் காரில், வேறு காரிலிருந்து கழற்றிய தக்காத்தா குப்பியை முன்பு யாரோ மாட்டியிருந்தார்கள். வாங்கியவருக்கு அது தெரியாது. அவர் வீட்டாருக்கும் தெரியாது.

இதைவிட மோசமானது, பையே இல்லாமல் மூடியை மட்டும் ஒட்டி, விளக்கு எரியாமல் இருக்க வயரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிவிடுவது. கட்டுப்பாட்டுப் பெட்டி ஏமாந்துபோகும்; பை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். சில ரிங்கிட் கூடப் பெறாத பொருள் அது. இதைச் செய்பவர் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. அந்தக் குடும்பம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பெருநாளுக்குப் போகும்போது முன்னால் இரண்டு பை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போகிறது. இதற்கு நான் வைக்கும் பெயரை இந்த அரங்கில் சொல்ல முடியாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இந்த வம்பே வேண்டாம், பையைக் கழற்றி எறிந்துவிடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். காற்றுப்பையும் சீட் பெல்ட்டும் சேர்ந்து காப்பாற்றிய உயிர்கள் கணக்கில்லாதவை. எறிவதும் ஆபத்துதான். வெடிக்காத பையைப் பழைய இரும்போடு போட்டால், அதை நசுக்குகிறவரும் கேஸ் கட்டரால் அறுக்கிறவரும் யாருடைய பிள்ளை? நிறுவனத்தின் நிலையத்திடம் ஒப்படையுங்கள். விரிந்து முடிந்த பையிலும் தூள் இருக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எடுத்து, பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பக்கத்தில் இருக்கும் சீட் பெல்ட் இழுப்பானிலும் மருந்து உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பட்டறை முதலாளிகளிடம் ஒரு கேள்வி. பள்ளி விடுமுறையில் அக்காள் மகன், பக்கத்து வீட்டுத் தம்பி என்று கைக்கு உதவியாக நிற்கிறார்களே, அவர்கள் பெயர் பெர்கேசோவில் இருக்கிறதா? சம்பளத்துக்கு வேலை செய்கிறவரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கிவிட்டார்கள். இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையும் அதற்குள் வருகிறது. கண்ணில் அடிபட்ட பையனை கோலசிலாங்கூர் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அவன் எங்கள் தொழிலாளி இல்லை, சும்மா வந்து நின்றவன் என்று சொல்லும் நிலைமை உங்களுக்கு வரக் கூடாது. காற்றுப்பை வேலையை அந்தப் பையன்களிடம் கொடுக்கவே கூடாது. முறையாகப் படிக்க விரும்பினால் கியாட்மாரா இருக்கிறது, தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன, மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. தந்தையின் பட்டறையில் கற்றது ஒரு பாதி என்றால், மஞ்சள் வயரைப் பற்றிய பாதி அங்கேதான் கிடைக்கும்.

நேரம் முடிந்தது என்று சைகை காட்டுகிறார்கள். கடைசியாக வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய ஒன்று. காரின் கெரானை எடுங்கள். அதில் நொம்போர் சேசிஸ் என்று பதினேழு எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஒரு வரிசை இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி, கைப்பேசி பழக்கமுள்ள பிள்ளையிடம் கொடுத்து, கார் நிறுவனத்தின் மலேசிய இணையப் பக்கத்தில் திரும்ப அழைக்கும் பகுதியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் அங்கீகரிக்கப்பட்ட நிலையம் ஒன்றுக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னாலே போதும். கார் யார் பெயரில் இருக்கிறது என்பது இதற்குப் பொருட்டே அல்ல. சம்போங் பாயார் காராக இருந்தாலும், கெரான் கையில் இல்லாமல் இருந்தாலும், காரின் உடம்பிலேயே அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கே என்று உங்கள் போர்மேன் காட்டுவார்.